சித்திரப் படமும் இரவல் குரலும்

வானொலிக்கு முகம் இல்லை. பேசுகிறவர் நெட்டையா குட்டையா, இளைஞரா முதியவரா என்பதை நேயர்கள் அறியார். குரல் ஒன்றே அவர்களிடம் போய்ச் சேருகிறது. அந்தக் குரலைக் கொண்டு அவரவர் தத்தம் மனத்தில் ஒரு முகத்தை எழுதிக்கொள்கிறார்கள். பின்னொரு நாள் பேசியவரை நேரில் காண நேர்ந்தால், "இவரா அவர்!" என்று வியப்பதும் உண்டு. குரலைக் கேட்டு முகத்தை எழுதும் இந்தக் காரியத்தையே தொழிலாகக் கொண்ட கலை ஒன்று இருக்கிறது. அதுதான் சித்திரப்படக் கலை. கார்ட்டூன் படம் என்று நாம் வழக்கமாகச் சொல்லுகிறோமே, அதனுடைய பாட்டுகளைப் பற்றி இங்கே சிறிது ஆராய்வோம்.

சினிமாவில் ஒருவர் நடிப்பதும் மற்றொருவர் பாடுவதும் நமக்குப் புதிய செய்தி அல்ல. 1935-ஆம் ஆண்டில் கல்கத்தா நியூ தியேட்டர்ஸ் ஸ்தாபனத்தார் 'பாக்ய சக்ர' என்ற வங்காளிப் படத்திலும், அதன் இந்தி வடிவமான 'தூப் சாவோன்' படத்திலும் பின்னணிப் பாட்டைக் கையாண்டார்கள். 1938-இல் வெளியான 'நந்தகுமார்' வழியாக அம்முறை தமிழுக்கும் வந்தது. 'இரவல் குரல்' என்று அந்நாளில் அதற்குப் பெயர். முதலில் ஏளனமாகச் சொல்லப்பட்ட அந்த ஏற்பாடு பின்னர் நாட்டின் வழக்கமாகவே ஆகிவிட்டது. அதற்குரிய காரணமும் எளிதில் விளங்கக்கூடியதே. அழகிய தோற்றமும் நடிப்புத் திறனும் உள்ளவரிடம் சங்கீதமும் இருக்கவேண்டும் என்ற நியதி இல்லை. ஆகையால் உடல் ஒருவருடையது, பாட்டு ஒருவருடையது என்று பிரித்துக்கொண்டார்கள்.

ஆனால் சித்திரப் படத்தில் இந்தக் காரணம் செல்லாது. அங்கே நடிகருக்கு உடலே இல்லை. திரையில் தோன்றும் இளவரசியும் சிங்கக்குட்டியும் வெறும் கோடும் வண்ணமுமே. வேண்டப்படுவது குரல் ஒன்றுதான். அப்படியானால் பேசவும் பாடவும் வல்ல ஒருவரையே தேர்ந்தெடுத்துவிடலாமே. பேச்சுக்கு ஒருவர், பாட்டுக்கு ஒருவர் என்று எதற்காக இருவரை அமர்த்த வேண்டும்? இந்தக் கேள்வி நியாயமானது. விடை ஒன்றல்ல, பல.

முதலில் சித்திரப் படம் உருவாகும் வரிசையைத் தெரிந்துகொள்வது நல்லது. படத்தை எழுதி முடித்துவிட்டுப் பிறகு குரலைச் சேர்க்கிறார்கள் என்றே பலரும் நினைக்கிறோம். நடப்பது நேர்மாறு. குரலே முதலில் பதிவாகிறது. திரையில் ஒரு வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. மூன்று நிமிஷப் பாட்டு ஒன்றுக்கு 4,320 படங்கள் வேண்டும். எந்த எழுத்து எந்தப் படத்தில் தொடங்கி எந்தப் படத்தில் முடிகிறது என்று பதிவான பாட்டைக் கேட்டுக் கணக்கிட்டு நீண்ட தாள்களில் குறித்துவைக்கிறார்கள். ஓவியர் அந்தக் கணக்கை எதிரில் வைத்துக்கொண்டு, 'ஆ' என்னும் இடத்தில் வாயைத் திறந்தும், 'ம்' என்னும் இடத்தில் இதழ்களைச் சேர்த்தும் எழுதுகிறார். வாயசைவு மட்டுமன்று, பாடகர் எங்கே மூச்சை இழுத்தார், எங்கே குரலை ஓங்கினார், எங்கே தயங்கினார் என்பதைக் கேட்டே புருவமும் தோளும் கைகளும் எழுதப்படுகின்றன. சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பார்கள். சித்திரப் படத்துக்குச் சுவர் குரல்தான். ஆகவே, எந்தக் குரலை எப்பொழுது பதிவு செய்வது என்பது அங்கே முதன்மையான பிரச்சினையாகிறது.

தொடக்க காலத்தில் பெரும்பாலும் ஒரே குரலையே நாடினார்கள். அமெரிக்காவில் வால்ட் டிஸ்னி தயாரித்து 1937-இல் வெளியிட்ட 'ஸ்னோ வொயிட்டும் ஏழு குள்ளர்களும்' என்ற முழுநீளச் சித்திரப் படத்தில் கதாநாயகிக்காகப் பேசியவரும் பாடியவரும் ஆட்ரியானா காசலாட்டி என்ற ஒரே பெண்மணிதான். 1950-இல் வந்த 'சிண்டரெல்லா'வில் ஐலீன் வுட்ஸ் என்ற பாடகிக்கு அந்த வாய்ப்புக் கிடைத்தது. பாட்டுகளை இயற்றிய நண்பர்கள், டிஸ்னிக்குப் போட்டுக் காட்டுவதற்காக அவரைப் பாடச் செய்து பதிவெடுத்தார்கள். அதைக் கேட்ட டிஸ்னிக்கு அந்தக் குரலே பிடித்துப்போயிற்று. 1959-ஆம் ஆண்டு 'உறங்கும் அழகி' படத்தில் பேசிப் பாடிய மேரி கோஸ்டா பின்னாளில் ஆப்பெரா மேடையில் புகழ்பெற்றார். இவர்களெல்லாம் முதற்கண் பாடகிகள். வசனமும் பேசக் கற்றுக்கொண்டவர்கள். அக்காலத்துக் கதைகளில் கதாநாயகிக்கு வசனம் குறைவு, பாட்டு முக்கியம். ஆகவே அது போதுமானதாக இருந்தது.

எனினும் அந்நாளிலேயே பிளவு தொடங்கிவிட்டது. அதே 'சிண்டரெல்லா'வில் இளவரசனுக்காகப் பேசியவர் வில்லியம் பிப்ஸ். பாடியவர் மைக் டக்ளஸ். 1961-இல் வந்த '101 டால்மேஷியன்கள்' படத்தில் நாய்களை வளர்க்கும் ரோஜருக்குப் பென் ரைட் பேசினார், பில் லீ பாடினார். இந்த பில் லீயே 1965-இல் 'சவுண்ட் ஆப் மியூசிக்' என்ற நடிகர்கள் நடித்த படத்தில் கிறிஸ்டோபர் பிளம்மருக்காகவும் பாடியவர். அப்படத்தைக் கண்டு மகிழ்ந்த கோடிக்கணக்கானவர்களில் அவர் பெயரை அறிந்தவர் எத்தனை பேர்?

இனிக் காரணங்களை ஒவ்வொன்றாகக் காண்போம்.

பேச்சும் பாட்டும் ஒரே தொண்டையிலிருந்து பிறந்தாலும் இரண்டும் வெவ்வேறு வித்தைகள். சாதாரணமாகப் பேசும்போது ஆண்களின் குரல்நாண்கள் வினாடிக்கு ஏறக்குறைய 100 முதல் 130 தடவையும், பெண்களின் குரல்நாண்கள் ஏறக்குறைய 200 தடவையும் அதிர்கின்றன. பேச்சில் இந்த எண்ணிக்கை சற்றே ஏறும், சற்றே இறங்கும். பாட்டிலோ ஒரு பெண்குரல் மேல் ஸ்தாயியில் 500, 600 என்று உயர்ந்து, அங்கே அசையாமல் நிற்கவும் வேண்டும். பேசுகிறவர் நாலு சொல்லுக்கு ஒரு முறை மூச்சு வாங்கிக்கொள்ளலாம். பாடுகிறவர் சங்கீதம் அனுமதிக்கும் இடத்தில்தான் மூச்சு வாங்கலாம். இதற்குப் பல ஆண்டுப் பயிற்சி தேவை.

அத்துடன் முடியவில்லை. பேச்சில் அழகாக இருப்பது பாட்டில் குறையாகவும் ஆகலாம். நடிகர் ஒருவரிடம் இயல்பாக உள்ள கரகரப்பு, திடீரென்று உடையும் தொனி, சொல்லை விழுங்கும் தயக்கம் ஆகியவற்றுக்காகவே அவரை ஒரு பாத்திரத்துக்குத் தெரிந்தெடுக்கிறார்கள். பாத்திரத்துக்கு உயிர் கொடுப்பவை அவைதாம். ஆனால் சுருதியில் நிற்கவேண்டிய இடத்தில் அவையே இடையூறாகின்றன. நாவன்மை மிக்க பேச்சாளர் ஒவ்வொருவரும் தம்பூராவுக்குச் சேர்ந்து பாடிவிடுவார் என்று நாம் எதிர்பார்ப்பதில்லை அல்லவா?

இதன் மறுபக்கமும் உண்மை. நன்றாகப் பாடுகிறவர் எல்லோரும் எல்லாப் பாத்திரத்துக்கும் பேசிவிட முடியாது. இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு 1998-இல் வெளியான 'மூலான்'. சீனத்துப் பெண்ணொருத்தி தந்தைக்குப் பதிலாக ஆண் வேஷம் பூண்டு படையில் சேரும் கதை அது. பிலிப்பைன்ஸ் நாட்டுப் பாடகி லேயா சலோங்காவைப் பேச்சு, பாட்டு இரண்டுக்கும் கருதினார்கள். 1992-ஆம் ஆண்டு 'அலாதீன்' படத்தில் இளவரசி ஜாஸ்மினுக்காகப் பாடிப் புகழ்பெற்றவர் அவர். பாட்டில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் கதாநாயகி ஆண்மகனைப் போலக் குரலைத் தாழ்த்திப் பேசும் கட்டங்கள் அவருடைய குரலில் நம்பத்தகுந்தனவாக அமையவில்லை. ஆகவே பேச்சுப் பகுதியை மிங்நா வென் என்ற நடிகை ஏற்றார். பாட்டு சலோங்காவிடமே நின்றது. இங்கே நடிகைக்குப் பாடத் தெரியாததால் பாடகி வரவில்லை. பாடகியின் குரல் வேஷத்துக்கு ஒத்துவராததால் நடிகை வந்தார்.

இரண்டாவது காரணம் புகழ். நோக்குக்கு எட்டாத நடிகராயினும், அவர் பெயர் விளம்பரத்தில் இருந்தால் கூட்டம் வருகிறது. 'அலாதீன்' படத்தில் பூதத்துக்குக் குரல் கொடுத்த ராபின் வில்லியம்ஸ் தாமே பேசி, தாமே பாடி, சித்திரப் படத்துக்கும் நட்சத்திர நடிகரால் எவ்வளவு ஆதாயம் உண்டு என்பதைக் காட்டினார். அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் பிரசித்தி பெற்ற நடிகர்களை நாடுவது மிகுந்தது. 1994-இல் 'சிங்க ராஜா'வில் வளர்ந்த சிம்பாவுக்கு மாத்யூ பிராடரிக் பேசினார், ஜோசப் வில்லியம்ஸ் பாடினார். 1997-இல் 'அனஸ்தாசியா'வுக்கு மெக் ரையன் பேசினார், லிஸ் கால்வே பாடினார். 1998-இல் 'எகிப்தின் இளவரசர்' படத்தில் மோசேக்கு வால் கில்மர் பேசினார், அமிக் பைரம் பாடினார். சாண்ட்ரா புல்லக் பேசிய மிரியாமுக்குப் பாடியவர் சாலி டுவோர்ஸ்கி. அதே படத்தில் மிச்செல் பைபரும் ரால்ப் பைன்ஸும் தங்கள் பாட்டைத் தாங்களே பாடினார்கள். ஆகவே நட்சத்திரங்கள் அனைவரும் இரவல் வாங்கினார்கள் என்று சொல்லிவிடக் கூடாது. பெயருக்காக ஒருவரைச் சேர்த்துவிட்டால், அவரால் பாட முடியாதபோது பாட்டுக்கு வேறொருவரைத் தேடுவது தவிர வழியில்லை என்பதே நாம் கொள்ளவேண்டிய பொருள்.

மூன்றாவது காரணம் காலம். ஒரு சித்திரப் படம் முடிய மூன்று நான்கு ஆண்டுகளும் ஆகும். பாட்டுக் காட்சிகளை எழுதுவது நெடிய வேலையாதலால் பாட்டுகள் முன்னரே பதிவாகிவிடுகின்றன. சில சமயம் பேசப்போகிறவர் யார் என்று தீர்மானிக்கும் முன்பே பாடகர் வந்துவிடுகிறார். 1995-ஆம் ஆண்டு வெளியான 'போகஹான்டஸ்' படத்தில் அப்படித்தான் நிகழ்ந்தது. பாடுவதற்கு ஜூடி கூன் அமர்த்தப்பட்ட பிறகே, பேசுவதற்கு ஐரீன் பெடார்ட் தெரிந்தெடுக்கப்பட்டார். பொம்மைகளை அசைத்து எடுக்கப்பட்ட 'நைட்மேர் பிபோர் கிறிஸ்மஸ்' என்ற 1993-ஆம் ஆண்டுப் படத்தில் இன்னும் விசித்திரம். இசையமைத்த டானி எல்ப்மன் தாமே கதாநாயகனின் பாட்டுகளைப் பாடினார். அந்தப் பாட்டுக் குரலோடு பொருந்தும்படி பேசுவதற்குக் கிறிஸ் சராண்டன் வந்தார். நம் நாட்டில் நடிகருக்கு ஏற்ற பாடகரைத் தேடுவது வழக்கம். அங்கே பாடகருக்கு ஏற்ற நடிகரைத் தேடினார்கள்.

நான்காவது காரணம் தொண்டையின் இயற்கையே. சிறுவர்களின் குரல் நிலையானதன்று. பருவம் வந்ததும் உடைந்துவிடும். பதிவு ஆண்டுக்கணக்கில் நீளும்போது இது பெரும் இடர். அதனோடு, நன்றாக நடிக்கும் சிறுவன் நன்றாகப் பாடவும் கிடைப்பது அரிது. 'சிங்க ராஜா'வில் இளம் சிம்பாவுக்கு ஒரு சிறுவன் பேச, மற்றொரு சிறுவன் பாடினான். தோழி நாலாவுக்கும் அவ்வாறே இரு சிறுமியர். முதியவர்களுக்கும் தொண்டை தளர்வது உண்டு. அதே படத்தில் வஞ்சகச் சிற்றப்பனாக வரும் சிங்கத்துக்குப் பேசிய ஜெரமி அயர்ன்ஸ் தம் பாட்டைத் தாமே பாடத் தொடங்கினார். முழக்கமிட்டுப் பாடவேண்டிய இறுதிப் பகுதியை எட்டியபோது குரல் கம்மிவிட்டது. எஞ்சிய சில வரிகளை ஜிம் கம்மிங்ஸ் என்ற குரல் நடிகர் அவரைப் போலவே பாடி முடித்தார். பாட்டின் நடுவில் ஆள் மாறியதைப் பலர் இன்றளவும் உணர்வதில்லை.

இங்கேதான் இக்கலையின் நுட்பம் இருக்கிறது. இரண்டு குரல்களை ஒட்டும் இடத்தில் தையல் தெரியக்கூடாது. ஆபத்தான இடம் எது என்றால், வசனம் முடிந்து பாட்டுத் தொடங்கும் அந்த ஒரு கணம்தான். பாடகர் நடிகரின் பேச்சுப் பதிவைப் பலமுறை கேட்கிறார். உயிரெழுத்துகளை அவர் எப்படி நீட்டுகிறார், எந்த ஊர் உச்சரிப்பு, மூக்கொலி எவ்வளவு, சிரிக்கும்போது குரல் எங்கே போகிறது என்று கவனித்து, பாட்டின் முதல் அடியைப் பேச்சின் சாயலிலேயே மெல்லத் தொடங்குகிறார். பிறகு படிப்படியாகத் தம் குரலை விரித்துக்கொள்கிறார். பாட்டின் இடையே ஓரிரு சொற்களை நடிகரே பேசுமாறு அமைப்பதும் உண்டு. கேட்பவர் மனத்தில் குரல் ஒன்றே என்ற எண்ணத்தை அது உறுதிப்படுத்துகிறது. ஒலிப்பதிவாளரும் மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரத்தையும், அறையின் எதிரொலியையும் இரண்டு பதிவிலும் ஒத்திருக்கச் செய்கிறார். நடிகர்கள் நடித்த படத்தில் பார்வையாளரின் கண் முகத்தை அறிந்திருப்பதால் பொருந்தாக் குரல் உறுத்துகிறது. சித்திரப் பாத்திரத்துக்கோ சொந்தக் குரல் என்று ஒன்று கிடையாது. பேச்சும் இரவல், பாட்டும் இரவல். இரண்டு இரவலையும் ஓவியரின் கோடு ஒன்றாகக் கட்டிவிடுகிறது. ஆகையால் சித்திரப் படத்தில் இந்த இணைப்பு எளிதில் நிலைக்கிறது.

மொழிமாற்றத்தில் இதே பிரச்சினை மீண்டும் தலையெடுக்கிறது. படத்தை மாற்றி எழுத முடியாது; குரலைத்தான் மாற்ற வேண்டும். ஒவ்வொரு மொழிக்கும் பேசுகிறவரையும் பாடுகிறவரையும் புதிதாகத் தேட வேண்டியிருக்கிறது. 2019-இல் வந்த 'பிரோசன்' இரண்டாம் படத்தில் எல்ஸா என்ற அரசிக்கு இந்தியில் பிரியங்கா சோப்ரா பேசினார், சுநிதி சௌஹான் பாடினார். தமிழில் ஸ்ருதி ஹாசன் பேச்சு, பாட்டு இரண்டையும் தாமே ஏற்றார். சித்திரம் ஒன்றே, வாயசைவும் ஒன்றே. ஒரு மொழியில் அவளுக்கு இரு குரல், மற்றொன்றில் ஒரு குரல். ஆகவே இரவல் குரல் என்பது மாறாத விதி அன்று. கிடைக்கும் திறமையைப் பொறுத்துச் செய்யும் ஏற்பாடு என்பது தெளிவாகிறது.

ஒரே குரல் மேலா, இரு குரல் மேலா என்ற வாதமும் உண்டு. 1989-இல் 'சின்னஞ்சிறு கடற்கன்னி'யையும், 1991-இல் 'அழகியும் மிருகமும்' என்ற படத்தையும் எடுத்தபோது, பாடலாசிரியர் ஹோவர்ட் ஆஷ்மன் நியூயார்க் நாடக மேடையில் பழகியவர்களை விரும்பினார். மேடையில் பேசிக்கொண்டே பாட்டுக்குள் நுழைந்து பழகியவர்கள் அவர்கள். ஜோடி பென்சனும் பேஜ் ஓஹாராவும் அவ்வாறு வந்தவர்களே. பாட்டும் நடிப்பாகவே இருக்க வேண்டும், கதை பாட்டுக்காக நின்றுவிடக் கூடாது என்பது அம்முறையின் கொள்கை. இரு குரல் முறையை ஆதரிப்பவர்களோ, அந்தந்த வேலைக்கு அதில் தேர்ந்தவரை அமர்த்துவதே நேர்மை என்கிறார்கள். நமக்குத் தோன்றுவது இது: எந்த முறையாயினும், கேட்கிறவர் பாத்திரத்தை மறந்து பாடகரை நினைக்காதவரை அது வெற்றியே.

ஆனால் இந்த வெற்றியிலேயே ஓர் அநீதியும் ஒளிந்திருக்கிறது. பாடகர் எவ்வளவு திறமையாகப் பொருந்துகிறாரோ அவ்வளவுக்கு அவர் மறைந்துபோகிறார். திறமையின் பயன் மறதியாக முடிகிறது. 'ஸ்னோ வொயிட்' வெளியானபோது ஆட்ரியானா காசலாட்டியின் பெயர் திரையில் காட்டப்படவில்லை. மார்னி நிக்சன் என்ற பாடகி 1956-இல் 'ராஜாவும் நானும்', 1961-இல் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி', 1964-இல் 'மை பேர் லேடி' ஆகிய மூன்று பெரும் படங்களில் மூன்று நட்சத்திர நடிகைகளுக்காகப் பாடினார். மூன்றிலும் திரையில் அவர் பெயர் இல்லை. அவரே 'மூலான்' படத்தில் பாட்டிக்காகச் சில அடிகள் பாடினார். 2016-இல் அவர் மறைந்தபோதுதான் பலர் தாங்கள் இளமையில் ரசித்த குரல் யாருடையது என்பதை அறிந்தார்கள்.

நம் நாட்டிலும் இக்கதை உண்டு. அதில் வானொலிக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 1949-இல் 'மஹல்' என்ற இந்திப் படத்தின் புகழ்பெற்ற பாட்டு இசைத்தட்டாக வந்தபோது, தட்டில் பாடியவர் பெயராகப் பொறிக்கப்பட்டது 'காமினி' என்பது. அது கதையில் வரும் பாத்திரத்தின் பெயர். பாட்டை வானொலியில் கேட்ட நேயர்கள், பாடியவர் யார் என்று கேட்டுக் கடிதங்களை அனுப்பினார்கள். அதன் பிறகே லதா மங்கேஷ்கர் என்ற பெயர் வெளிப்பட்டது. பிலிம்பேர் பத்திரிகையின் விருதுகளிலும் தொடக்கத்தில் பின்னணிப் பாட்டுக்கு இடம் இல்லை. பாட்டுக்கு விருது இசையமைப்பாளருக்குப் போயிற்று. பாடியவருக்கு ஒன்றும் இல்லை. லதா அதை ஆட்சேபித்தார். 1959 முதல் பாடகருக்கும் விருது ஏற்பட்டது. குரலுக்கும் ஒரு பெயர் உண்டு, அப்பெயருக்கு ஓர் உரிமை உண்டு என்பதை இவ்வாறு போராடியே பெறவேண்டியிருந்தது.

பெயருக்கு அடுத்தது ஊதியம். 1955-இல் வெளிவந்த 'லேடியும் டிராம்பும்' என்ற டிஸ்னி படத்தில் பாட்டுகளை எழுதியும் பாடியும் சில பாத்திரங்களுக்குப் பேசியும் உதவியவர் பெக்கி லீ. பிற்காலத்தில் அப்படம் வீடியோ நாடாக்களாக விற்பனைக்கு வந்தபோது, அதில் தமக்கும் பங்கு உண்டு என்று அவர் வழக்குத் தொடுத்தார். 1991-இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு ஆயிற்று. பதிவு செய்த குரல் ஒருநாள் வேலையோடு தீர்ந்துபோகும் பொருள் அன்று. அது விற்கப்படுந்தோறும் அதற்கு உரியவர் ஒருவர் இருக்கிறார் என்பதை அவ்வழக்கு உணர்த்திற்று.

இக்காலத்தில் இது மேலும் முக்கியமாகிறது. ஒருவரின் குரல் மாதிரியைக் கொண்டு அவர் பேசாததைப் பேசியதாகவும், பாடாததைப் பாடியதாகவும் காட்டக்கூடிய கணினிகள் வந்துவிட்டன. 2023-இல் அமெரிக்கத் திரை நடிகர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தில் இத்தகைய போலிகளிலிருந்து பாதுகாப்பும் ஒரு கோரிக்கையாக இருந்தது. இரவல் என்ற சொல்லுக்குள்ளேயே கொடுப்பவர் ஒருவர் இருக்கிறார் என்ற பொருள் அடங்கியிருக்கிறது. கேட்காமல் எடுத்துக்கொண்டால் அதன் பெயர் வேறு.

அண்மைக் காலச் சித்திரப் படங்களில் பேசியவர், பாடியவர் இருவர் பெயரும் குறிக்கப்படுகின்றன என்பது ஆறுதல் தருகிறது. ஆனால் அப்பெயர்கள் பெரும்பாலும் படத்தின் முடிவில், விளக்குகள் ஏற்றப்பட்டு, மக்கள் எழுந்து வாயிலை நோக்கி நடக்கும் வேளையில் ஓடுகின்றன. அடுத்த முறை குழந்தைகளோடு ஒரு சித்திரப் படம் காண நேர்ந்தால், இரண்டு நிமிஷம் இருக்கையில் இருப்போமாக. அந்த இளவரசி பாடியது யார் குரலில் என்று குழந்தைக்குப் படித்துக் காட்டுவோமாக. பாட்டை ஒலிபரப்பும்போது பாடியவர் பெயரைச் சொல்வது வானொலியின் பழைய மரியாதை. அதே மரியாதையை நாம் நம் வீட்டிலும் செய்யலாம்.